பற்று வரவு பார்த்த விஞ்ஞானி

இந்த முறை ஜே.பி.எஸ். ஹால்டேனைப் பற்றிச் சொல்கிறேன். ஆங்கிலேயராகப் பிறந்து இந்தியக் குடிமகனாக மறைந்தவர். பரம்பரை நோய்களின் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்.

பி.காம். படித்து வங்கியில் லெட்ஜர் எழுதியவனுக்கு மரபணு விஷயத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஹால்டேனிடமும் அறிவியல் பட்டம் கிடையாது! ஆக்ஸ்போர்டில் அவர் படித்தது கணிதம்; பிறகு கிரேக்க, லத்தீன் இலக்கியமும் தத்துவமும். இருந்தாலும், நான் எழுதியதை நம் குடியிருப்பு டாக்டர் அம்மாவிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டேன்.

ஹால்டேன் 1892 நவம்பர் 5-ம் தேதி ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தை சுரங்கக் காற்றை ஆராய்ந்த பெரிய விஞ்ஞானி. மகனையும் சுரங்கத்துக்குள் கூட்டிப்போவார். எட்டு வயதில் மெண்டல் பற்றிய ஒரு சொற்பொழிவுக்கு அழைத்துப்போனாராம். பையன் அதைப் பிடித்துக்கொண்டான். தங்கை நவோமியோடு வீட்டிலேயே விலங்குகளை வளர்த்துப் பரம்பரைக் குணங்களைக் குறித்து வைத்தான். முதல் உலகப் போரில் சண்டை போட்டுத் திரும்பியவர், பிற்பாடு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியரானார்.

அங்கேதான் ஹீமோஃபிலியாவை எடுத்தார். அடிபட்டால் ரத்தம் சீக்கிரம் உறையாத நோய் இது. காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது ஓரளவு ஈடுகட்டிவிடும். ஆணுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. பிழையானது வந்தால் நோய்தான். பிழையைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நோயுள்ள தந்தையின் பிழையோ மகனுக்குப் போகாது, மகள்கள் எல்லோருக்கும் போகும்.

இங்கே ஹால்டேன் எழுப்பிய கேள்வி எந்த வங்கி ஊழியருக்கும் புரியும். அந்தக் காலத்தில் நோயுள்ள பையன்களில் பெரும்பாலோர் பிள்ளை பெறுமுன்பே இறந்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை பற்று விழுந்துகொண்டே இருந்தால் இருப்பு தீர வேண்டுமே, ஏன் தீரவில்லை? அப்படியானால் எங்கிருந்தோ வரவு வர வேண்டும். அந்த வரவு, மரபணுவில் தானாக நிகழும் புதிய பிழை. 1935-ல் அதன் அளவையும் கணக்கிட்டார். ஒரு தலைமுறைக்குச் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒன்று. மரபணுவைக் கண்ணால் பார்க்க வழியில்லாத நாளில், கணக்கை வைத்தே பிடித்தார்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அம்பத்தூரில் நான் வேலை பார்த்த கிளையில் கூட இருந்த ஒருவரின் பேரனுக்கு இந்த நோய் இருந்தது. பால் பல் விழுந்து ரத்தம் நிற்காமல் போனபோதுதான் தெரிந்தது. உடனே உறவுக்காரர்கள் பெண் வீட்டு வம்சத்தைக் கிளற ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்ணின் வீட்டில் யாருக்குமே இந்த நோய் இருந்ததில்லை. எதையோ மறைத்துக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு வருடக்கணக்கில் ஓடியது. அந்தப் பெண் விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

ஹீமோஃபிலியா உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன் சுவடே இருக்காது. அதோடு, 1947-ல் ஹால்டேன் இன்னொன்றும் கணக்கிட்டுச் சொன்னார். இந்தப் புதிய பிழைகள் பெண்களிடத்தைவிட ஆண்களிடத்தில்தான் அதிகம் உண்டாகின்றன. அதாவது, தாயிடம் இருக்கும் பிழை பல நேரம் அவளுடைய அப்பாவின் வித்தணுவில் புதிதாக முளைத்ததாக இருக்கும். அவருக்கே அது தெரியாது, அவருக்கு நோயும் இருக்காது. இதில் யார் எதை மறைப்பது? அன்றைக்கு எனக்கு இது தெரிந்திருந்தால் அந்த வீட்டில் போய்ச் சொல்லியிருப்பேன்.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்றும் சிலர் கேட்பார்கள். ஹீமோஃபிலியாவுக்கு அது காரணமில்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் உண்டாகும் தலசீமியா போன்ற நோய்களுக்கே அந்தக் கேள்வி பொருந்தும். நம் பக்கத்து மாமன் மகள், அக்கா மகள் திருமணங்களில் ஹால்டேனுக்கும் ஆர்வம் இருந்தது. அவருடைய மாணவர் துரோணம்ராஜு ஆந்திராவில் இதை ஆராய்ந்தார்.

ஹால்டேன் 1957-ல் மனைவி ஹெலனோடு கல்கத்தா வந்து, மகாலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். வேட்டி, குர்தாவுக்கு மாறினார். பிறகு புவனேஸ்வர் போனார். அங்கேயே 1964 டிசம்பர் 1-ம் தேதி புற்றுநோயால் இறந்தார். அவர் விருப்பப்படி உடலை மாணவர்களின் படிப்புக்காகக் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள்.