பிடில் வித்துவான் ஜோசப் யோவாகிம்

நம் நாட்டுச் சங்கீத சபைகளிற் பிடில் இன்றியமையாத வாத்தியமாகிவிட்டமையால், அது மேனாட்டினின்றும் வந்தது என்பதனை நம்மிற் பலர் மறந்தேபோயினர். அம்மேனாட்டில் அதனைக் கையாண்டு தாம் பெரும்புகழ் எய்தியதோடு, பிறர் இயற்றிய உருப்படிகள் பலவற்றிற்கு உறுதுணையாகவும் நின்ற ஜோசப் யோவாகிம் என்பாருடைய வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

இவர் 1831-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள், அக்காலத்து ஹங்கேரி இராச்சியத்திற்கு உட்பட்டிருந்ததும் இப்பொழுது ஆஸ்திரியாவைச் சேர்ந்ததுமாகிய கிட்ஸே என்னும் சிற்றூரில், யூத வணிகர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தார். ஏழாம் வயதிற் பெஸ்ட் நகரிற் சபையேறினார். பின்னர் வியன்னாவிற் பயின்று, 1843-இல் லைப்ஸிக் நகரையடைந்து மெண்டல்ஸன் என்னும் பேரறிஞரின் ஆதரவைப் பெற்றார். பிடிலொடு நில்லாது ஏனைக் கல்வியும் இச்சிறுவனுக்கு வேண்டும் என அவர் வற்புறுத்தி ஏற்பாடு செய்தமை, பிள்ளைகளின் ஒரு திறமையையே கண்டு மகிழும் பெற்றோர் கருதத்தக்கது.

அடுத்த ஆண்டு மே மாதத்தில், பதின்மூன்று வயது நிரம்பாத யோவாகிம், மெண்டல்ஸன் வாத்தியக் குழுவை நடத்த, இலண்டன் மாநகரிற் பீத்தோவனது பிடில் கான்சர்டோவை வாசித்தார். கான்சர்டோ என்பது தனிவாத்தியம் ஒன்று பெருவாத்தியக் குழுவோடு சேர்ந்து இசைக்கும் நெடிய உருப்படியாம். 1806-இல் தோன்றிய அவ்வுருப்படியை அதுகாறும் விரும்பி வாசித்தோர் சிலரே. ஒரு சிறுவனால் அது மறுபிறவி எடுத்தது.

பின்னர் வைமாரில் லிஸ்ட் என்பாரிடமும், 1853 முதல் ஹனோவர் அரசவையிலும் பணிபுரிந்தார். லிஸ்டின் புதுநெறி தம் உள்ளத்திற்கு ஒவ்வாமையை 1857-இல் அவருக்கே எழுதி விலகினார். ஹனோவரில் நிகழ்ந்த ஒன்றை நம் சங்கத்தார் சிறப்பாக அறிதல் வேண்டும். வாத்தியக்காரர் ஒருவருக்கு, யூதராய்ப் பிறந்தவர் என்னும் ஒரே காரணத்தால் உயர்பதவி மறுக்கப்பட்டது. யோவாகிம் 1855-இலேயே கிறிஸ்தவ சமயம் தழுவியவர். தமக்கு யாதோர் இடையூறும் இல்லாதவர். எனினும் அவ்வநீதியை எதிர்த்து 1865-இல் தம் பதவியைத் துறந்தார்.

நிற்க. 1853-இல் எவரும் அறியாத இருபது வயது இளைஞராயிருந்த பிராம்ஸ் என்பாரைக் கண்டவுடன் அவரது பேராற்றலை உணர்ந்து, புகழ்பெற்ற ஷூமனிடம் ஆற்றுப்படுத்தியவர் இவரே. பிராம்ஸ் பியானோ வல்லவர். பிடிலின் நுட்பம் அவர் கைவந்ததன்று. ஆகவே 1878-இல் தாம் பிடில் கான்சர்டோ இயற்றியபொழுது, பிடிற்பகுதியை நண்பருக்கு அனுப்பித் திருத்தம் வேண்டினார். விரல் எட்டாத இடங்களையும் வில் ஓடாத இடங்களையும் யோவாகிம் குறித்துக் கொடுப்ப, பிராம்ஸ் சிலவற்றை ஏற்றும் சிலவற்றை மறுத்தும் முடித்தார். 1879 ஜனவரி முதல் நாள் லைப்ஸிக்கில் அஃது அரங்கேறிற்று. அதன்கண் வித்துவான் தனித்து வாசிக்கும் கற்பனைப் பகுதிக்கு யோவாகிம் எழுதிய வடிவத்தையே இன்றும் பலர் வாசிக்கின்றனர். மாக்ஸ் புரூஹ், டுவோர்ஷாக் என்பாருடைய கான்சர்டோக்களும் இவர் சொற்கேட்டுத் திருத்தப்பெற்றனவே.

ஆயினும் இவர் கொடுத்தது போலவே மறைத்ததும் உண்டு. ஷூமன் 1853-இல் இவர் பொருட்டே ஒரு பிடில் கான்சர்டோ இயற்றினார், அடுத்த ஆண்டில் அவர் சித்தம் கலங்கியது, 1856-இல் இறந்தார். அவ்வுருப்படி தளர்ந்த மனத்தின் படைப்பென்று கருதிய யோவாகிம், நண்பர் பெயருக்கு மாசு நேராமைப் பொருட்டு அதனை வெளிப்படுத்தாமலே வைத்திருந்தார். அது 1937-இலேதான் அரங்கேறியது. அன்பினாற் செய்ததே எனினும், பிறர் பொருளைப் புதைக்க நமக்கு உரிமை யாது என்னும் வினா எழாமற்போகாது.

இல்வாழ்விலும் இவருடைய ஐயம் இவரை வருத்தியது. 1863-இல் தாம் மணந்த அமாலியா என்னும் பாடகியார் மீது ஐயுற்று வழக்காடினார். அம்மையார் குற்றமற்றவர் என்று பிராம்ஸ் எழுதிய கடிதம் நியாயசபையிற் காட்டப்பட்டது. வழக்கு இவருக்குப் பாதகமாயிற்று; 1884-இல் மணமுறிவு நேர்ந்தது. முப்பதாண்டு நட்பும் அறுந்தது. ஆனால் பிராம்ஸின் உருப்படிகளை வாசிப்பதை மட்டும் இவர் விட்டாரில்லை. அப்பெருந்தன்மையை யாம் மிகவும் மதிக்கின்றோம். 1887-இல் பிராம்ஸ், பிடிலும் செல்லோவும் இணைந்து உரையாடுவது போன்ற ஓர் இரட்டைக் கான்சர்டோவை இயற்றி அனுப்பினார். அவ்வாண்டு அக்டோபர் 18-ஆம் நாள் கொலோன் நகரில் யோவாகிமும் ஹவுஸ்மனும் வாசிக்க, பிராம்ஸே குழுவை நடத்தினார். சொல்லால் ஆகாத சமாதானம் அவ்வாறு ஆயிற்று.

பெர்லினில் 1869-இல் தொடங்கிய இசைக்கல்லூரிக்கு இவரே தலைவராய் இருந்து மாணாக்கர் பலரை உருவாக்கினார். இவரிடம் பயின்ற லியோபோல்ட் ஆயர் என்பாரே பிற்காலத்து ஹைபெட்ஸுக்கு ஆசிரியர். 1903-இல், எழுபத்திரண்டு வயதில், இவர் வாசிப்பு ஐந்து இசைத்தட்டுப் பக்கங்களிற் பதிவாயிற்று. அவற்றுள் இரண்டு பிராம்ஸின் ஹங்கேரிய நடனங்கள். நண்பர் இறந்து அப்பொழுது ஆறாண்டு கழிந்திருந்தது. 1907 ஆகஸ்டு 15-ஆம் நாள் யோவாகிம் பெர்லினிற் காலமானார். அத்தட்டுக்களின் இரைச்சலுக்கிடையே அவர் வில்லோசையை இன்றும் கேட்கலாம்.