பட்டம் வாங்காத வாத்தியார்



முதல் வருடம் கார்பென்ட்ரி ஷாப்பில் இழைப்புளியைத் தள்ளித் தள்ளிக் கை காய்த்துப் போனபோது, இந்த மரவேலை நமக்கு எதுக்குடா என்று முணுமுணுக்காதவர் யாராவது உண்டா? நானும் முணுமுணுத்தவன்தான். ஆனால் மரத்தை இழைத்துப் பழகிய ஒரு கை, பிற்பாடு பச்சைக் குழந்தைகளின் ரத்தக் குழாயைத் தைக்கும் வழியை உலகத்துக்கே காட்டியது என்றால் நம்புவீர்களா? அந்தக் கைக்குச் சொந்தக்காரர் விவியன் தாமஸ். அவர் டாக்டர் இல்லை. கல்லூரியில் படித்து ஒரு டிகிரியும் வாங்கவில்லை. நம்ம பாஷையில் சொன்னால் ஒரு லேப் டெக்னீஷியன். அவ்வளவுதான்.

1910ஆம் ஆண்டு அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். வளர்ந்தது டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்தில். அப்பா தச்சர். பள்ளி விட்டு வந்ததும் அப்பாவோடு உளி பிடிப்பதுதான் பையனுக்கு வேலை. அளவு ஒரு நூல் பிசகினாலும் பலகை சேராது என்ற பாடத்தை அங்கேதான் கற்றார். மனசில் மட்டும் டாக்டர் ஆசை. 1929இல் பள்ளிப்படிப்பை நல்லபடியாக முடித்துவிட்டு, கல்லூரிக்குப் பணம் சேர்ப்பதற்காகத் தச்சு வேலைக்குப் போனார். அதே வருடம் அக்டோபரில் அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்தது. வேலை போயிற்று. அடுத்த வருடம் அவர் பணம் போட்டிருந்த வங்கியும் மூழ்கியது. கல்லூரிக் கனவு அத்தோடு சரி.

இதற்கு நடுவே, 1930 பிப்ரவரியில், தற்காலிகமாக இருக்கட்டும் என்று வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபிரட் ப்ளேலாக் என்ற இளம் சர்ஜனின் ஆராய்ச்சிக் கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். வாரம் 12 டாலர் சம்பளம். அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்போது கறுப்பின மாணவர்களைச் சேர்ப்பதே கிடையாது. உள்ளே வேலை பார்க்கலாம், படிக்கக் கூடாது!

சேர்ந்த கொஞ்ச நாளில் ஏதோ ஒரு தவறுக்காக ப்ளேலாக் தாட்பூட் என்று குதித்து, கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டார். ஒரு வெள்ளைக்கார டாக்டர் திட்டினால் வாயை மூடிக்கொண்டு கேட்கவேண்டிய காலம் அது. பத்தொன்பது வயசு தாமஸ் என்ன செய்தார் தெரியுமா? வேலை உடுப்பை மாற்றிக்கொண்டு நேரே போய், இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவன் நான் இல்லை, இப்படித்தான் பேசுவீர்கள் என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். ப்ளேலாக் இனி அப்படி நடக்காது என்று வாக்குக் கொடுத்தார். காப்பாற்றவும் செய்தார். அதன் பிறகு முப்பத்துநாலு வருடம் இரண்டு பேரும் சேர்ந்தே இருந்தார்கள்.

ரத்தநாளத்தைத் தைப்பது, மயக்க மருந்து கொடுப்பது, ரசாயனச் சோதனை, எல்லாவற்றையும் தாமஸ் மளமளவென்று கற்றுக்கொண்டார். விபத்தில் அடிபட்டவருக்கு வருகிற அதிர்ச்சி நிலைக்குக் காரணம் உடம்பில் ஊறும் ஏதோ நஞ்சு என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தார்கள். இல்லை, ரத்தமும் நீரும் குழாயை விட்டு வெளியேறுவதுதான் காரணம் என்று இந்த இருவரும் நிரூபித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்கு ரத்தமும் பிளாஸ்மாவும் ஏற்றிப் பிழைக்க வைத்ததற்குப் பின்னால் இந்த ஆராய்ச்சி இருக்கிறது.

ஆனால் சம்பளப் பட்டியலில் தாமஸின் பதவி என்ன என்று நினைக்கிறீர்கள்? துப்புரவுப் பணியாளர்! அது அவருக்கே சில வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. டெக்னீஷியன் வேலைக்கு டெக்னீஷியன் சம்பளம் தாருங்கள் என்று கேட்டார். சத்தமில்லாமல் சம்பளம் உயர்ந்தது.

1941இல் ப்ளேலாக்குக்கு பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் தலைமை சர்ஜன் பதவி. தாமஸையும் கூடவே அழைத்துப் போனார். அங்கே கறுப்பினத்தவர் என்றால் கூட்டிப் பெருக்குகிறவர்கள்தான். கழிப்பறைகூடத் தனித்தனி. வெள்ளை லேப் கோட்டுடன் ஒரு கறுப்பர் வராந்தாவில் நடந்து வந்தால், எல்லோரும் நின்று திரும்பிப் பார்ப்பார்களாம்.

அங்கேதான் ஹெலன் டாசிக் வந்து சேர்கிறார். குழந்தைகளின் இதய நோய் நிபுணர். பெண் என்பதால் ஹார்வர்டில் மருத்துவப் பட்டத்துக்குச் சேர்க்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர். காது மந்தமாகிப் போனதால் நெஞ்சில் விரலை வைத்தே இதயத் துடிப்பை அறிந்தவர். (அவருடைய வாழ்க்கையே தனிக் கட்டுரைக்கு ஆகும். அடுத்த வருட மலரில் யாராவது எழுதுங்களேன்!) சில குழந்தைகள் பிறக்கும்போதே உதடும் நகமும் நீலம் பாய்ந்து பிறக்கின்றன. நுரையீரலுக்குப் போகிற பாதை குறுகலாக இருக்கும், இதயத்தின் நடுச்சுவரில் ஓட்டையும் இருக்கும். ஆகவே பிராணவாயு ஏறாத ரத்தமே உடம்பெல்லாம் சுற்றும். நாலு அடி நடந்தால் குழந்தை மூச்சு வாங்கிக் குந்திவிடும். பிளம்பர் குழாயை மாற்றிப் பூட்டுகிற மாதிரி, நுரையீரலுக்கு இன்னொரு வழியில் ரத்தம் அனுப்ப முடியாதா என்று 1943இல் டாசிக் கேட்டார்.

ப்ளேலாக்கும் தாமஸும் 1938இலேயே வேறொரு சோதனைக்காகக் கைக்குப் போகும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைத்துப் பார்த்திருந்தார்கள். அன்றைக்கு அது தோல்வி. இப்போது அதுவே விடையாயிற்று. குறுகலான இடத்தைத் தாண்டி ஒரு பைபாஸ் ரோடு! ஆனால் செய்து பார்ப்பது யார்? சுமார் இரண்டு வருடம், ஏறக்குறைய இருநூறு நாய்களில், முதலில் அதே நோயை உண்டாக்கி, பிறகு அதைச் சரிசெய்து பார்த்தவர் தாமஸ்தான். குழந்தையின் குழாய்க்கு ஏற்ற கருவிகள் கடையில் கிடைக்கவில்லை. இருந்த கருவிகளை மாற்றியமைத்தார். நீளமான ஊசியைக் குட்டையாக்கி, முனையைக் கையாலேயே தீட்டினார். ஃபிட்டிங் ஷாப்பில் ஃபைல் போட்டவர்களுக்கு இதன் அருமை புரியும்.

1944 நவம்பர் 29. பதினைந்து மாதப் பெண் குழந்தை. எடை சுமார் நாலு கிலோதான். ப்ளேலாக் கத்தியை எடுக்கும் முன்பு, தாமஸைக் கூப்பிடுங்கள் என்று ஆள் அனுப்பினார். தாமஸ் வந்து அவருடைய வலது தோளுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு ஏறி நின்றார். தையல் எந்தப் பக்கம், இடைவெளி எவ்வளவு, இவ்வளவு தள்ளி வெட்டினால் போதுமா என்று தலைமை சர்ஜன் கேட்கக் கேட்க, தச்சர் மகன் பதில் சொன்னார். குழந்தை அன்று பிழைத்தது. சில மாதம் கழித்து இறந்துபோனது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்றாவதாக ஆறு வயதுச் சிறுவன். அடைத்திருந்த கிளாம்ப்பை எடுத்ததும் அவனுடைய நீல உதடு மேசையிலேயே ரோஜா நிறமானது! ஒரு வருடத்துக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இந்தச் சிகிச்சை நடந்தது.

1945 மே மாதம் மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. ப்ளேலாக் பெயர் இருந்தது. டாசிக் பெயர் இருந்தது. தாமஸ் பெயர் ஒரு மூலையில்கூட இல்லை.

ப்ளேலாக் நல்லவரா கெட்டவரா என்று நம்ம ஹாஸ்டலில் ஒரு ராத்திரி முழுக்கச் சண்டை போட்டோம். தாமஸுக்காகச் சம்பளம் கேட்டு நிர்வாகத்தோடு வாதாடியவரும் அவர்தான். தம் வீட்டு விருந்தில் அதே தாமஸைக் கூலிக்கு மதுக்கோப்பை ஏந்த வைத்தவரும் அவர்தான். காலையில் தாமஸிடம் தையல் கற்ற டாக்டர்கள் மாலையில் அவர் நீட்டிய கோப்பையை வாங்கிக் குடித்தார்கள். தாமஸுக்கோ பணக் கஷ்டம், குடும்பம் இருந்தது, போனார். என்னைக் கேட்டால், மேடையில் பெயரைச் சொல்லியிருக்க ஒரு நிமிஷம் போதும். அதை அவர் செய்யவில்லை.

எனக்கு மனசு ஆறாத இடம் இன்னொன்று. 1947இல் தாமஸ் எப்படியாவது டாக்டருக்குப் படித்துவிடலாம் என்று பால்டிமோரிலேயே மார்கன் ஸ்டேட் கல்லூரியில் விசாரித்தார். பதினேழு வருட அனுபவத்துக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது, முதல் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார்கள். சர்ஜன்களுக்கே சொல்லிக்கொடுக்கிறவர் ஃப்ரெஷ்மேனாம்! கணக்குப் போட்டுப் பார்த்தார். எல்லாம் முடித்து வெளியே வரும்போது வயது ஐம்பது. ஆசையை மடித்து வைத்துவிட்டார். லேட்டரல் என்ட்ரியில் நேரே இரண்டாம் வருடம் பி.இ. போகலாம் என்று திட்டம் போடுகிற நமக்கு அந்தக் கணக்கின் வலி தெரியாமலா போகும்?

லேபுக்கே திரும்பினார். அவரிடம் கை பழகிய டென்டன் கூலி 1969இல் உலகிலேயே முதன்முதலாகச் செயற்கை இதயத்தை மனிதருக்குப் பொருத்தினார். கறுப்பினத்தவரான லீவை வாட்கின்ஸ், நின்றுபோகப் பார்க்கும் இதயத்தை மின் அதிர்ச்சியால் மீட்கும் கருவியை 1980இல் முதன்முதலாக மனித உடலுக்குள் வைத்தார். அதற்கான சோதனைகளில் அவருக்குத் துணை நின்றவரும் தாமஸ்தான்.

1964இல் ப்ளேலாக் இறந்தார். 1971இல், தாமஸிடம் கற்ற சர்ஜன்கள் எல்லாம் சேர்ந்து அவருடைய எண்ணெய் ஓவியத்தை மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அது ப்ளேலாக் படத்தோடு அதே கட்டடத்தில் மாட்டப்பட்டது. 1976இல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. அதுவும் மருத்துவத்தில் இல்லை, சட்டத்தில்! போகட்டும், அதே வருடம் மருத்துவக் கல்லூரி ஆசிரியர் பட்டியலில் பெயர் ஏறியது. 1979இல் ஓய்வு. 1985 நவம்பர் 26 அன்று காலமானார். சில நாளில் அவர் எழுதிய சுயசரிதை அச்சாகி வந்தது.

2021இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், கறுப்பினத்தவருக்கென ஏற்பட்ட கல்லூரிகளிலிருந்தும், அவரைப்போல வாய்ப்புக் குறைந்த மாணவர்களுக்குக் கல்வி தரும் பிற கல்லூரிகளிலிருந்தும் அறிவியலில் பி.எச்டி. செய்ய வருபவர்களுக்காக 15 கோடி டாலரில் ஒரு திட்டம் அறிவித்தார்கள். விவியன் தாமஸ் பெயரில்தான். ரொம்ப நாள் ப்ளேலாக்-டாசிக் முறை என்று மட்டுமே புத்தகங்களில் வந்த அந்த அறுவை சிகிச்சையை, இப்போது பல மருத்துவர்கள் ப்ளேலாக்-தாமஸ்-டாசிக் என்று எழுதுகிறார்கள்.