கண்ணொளி தந்த பெருந்தகை

நாற்பது ஆண்டு நிறைந்தோர் பலர் செய்தித்தாளைக் கையிற்கொண்டு, அதனைச் சிறிது சிறிதாக முகத்தினின்றும் விலக்கிப் பிடித்துப் படிப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஊசியில் நூல் கோக்கப் பேரப்பிள்ளையை அழைக்கும் பாட்டியாரையும் கண்டிருப்பீர்கள். இக்குறையைத் தமிழ்மக்கள் வெள்ளெழுத்து என்பர். சாளேசரம் என்று மற்றொரு பெயரும் உண்டு. நாற்பது எனப் பொருள்படும் வடநாட்டுச் சொல்லின் திரிபு அது. ஓசூரைக் கடந்து கன்னட நாட்டிற்குள் சென்றால், அங்குள்ளோர் மூக்குக்கண்ணாடியையே சாளீசு என வழங்கக் கேட்கலாம். ஒரு வயதின் பெயரே ஒரு நோய்க்கும், அந்நோய்க்குரிய கருவிக்கும் பெயராய் அமைந்தது சுவையான செய்தியன்றோ!

கண்ணின் பாவைக்குப் பின்னால் பளிங்கு போன்ற வில்லை ஒன்று உளது. இளமையில் அது நெகிழ்ச்சியுடையது. அண்மையிலுள்ள பொருளை நோக்குங்கால் தடித்துக் குவிந்து, எழுத்தைத் தெளிவுறக் காட்டும். ஆண்டு ஏற ஏற அவ்வில்லை இறுகிவிடுகிறது. பின்பு அதனாற் குவிய இயலாது. குவிவில்லைக் கண்ணாடி ஒன்றை அணிந்தால் இக்குறை நீங்கும். தொலைவிற்கு ஒரு கண்ணாடியும் அண்மைக்கு ஒரு கண்ணாடியும் மாற்றி மாற்றி அணிந்து சலித்த அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின், 18ஆம் நூற்றாண்டில் இரண்டையும் பாதி பாதியாக வெட்டி ஒரே சட்டத்திற் பொருத்திக்கொண்டார். இன்றும் நம் முதியோர் பலர் அவ்வகைக் கண்ணாடியை அணிகின்றனர்.

முதுமையில் அதே வில்லை ஒளியிழந்து வெண்மை படர்தலும் உண்டு. அது கண்புரை எனப்படும். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போதும். புரைக்கு அறுவை மருத்துவம் வேண்டும். இவ்விரண்டும் எளியனவே. ஆயினும், கண்ணாடி வாங்கவும் மருத்துவமனை செல்லவும் பொருளில்லாத ஏழைக்கு அவை எட்டாக் கனிகளே. அவ்வேழையின் வாயிலுக்கே மருத்துவத்தைக் கொண்டுசென்றவர் மருத்துவர் கோவிந்தப்ப வேங்கடசாமி ஆவார்.

அவர் 1918ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள், எட்டயபுரத்திற்கு அருகிலுள்ள அயன் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் உழவர் குடியிற் பிறந்தார். உடன்பிறந்தார் ஐவருள் இவரே மூத்தவர். அவ்வூர்ப் பள்ளியில் தாளுமில்லை, எழுதுகோலுமில்லை. ஆற்றங்கரை மணலைப் பரப்பி அதன்மேல் விரலால் எழுதியே பிள்ளைகள் கற்றனர். மணலில் எழுதிய அவ்விரல்களின் கதையே இவர்தம் வாழ்க்கைக் கதை எனலாம்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் பயின்று, பின்னர்ச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1944இல் மருத்துவப் பட்டம் பெற்றார். மகப்பேற்றின்போது தம் உறவினப் பெண்டிர் மூவர் இளமையிலேயே மாண்டதைக் கண்டு, மகப்பேற்று மருத்துவராக வேண்டும் என்று உறுதி பூண்டிருந்தார். பட்டம் பெற்றதும் படையின் மருத்துவப் பிரிவிற் பணியேற்றார்.

ஆனால் ஊழ் வேறு நினைத்தது. முடக்குவாதம் என்னும் கொடிய நோய் அவரைப் பற்றியது. 1948இல் படைப்பணியை விட்டு விலக நேர்ந்தது. ஓராண்டுக்கு மேல் படுக்கையிற் கிடந்தார். நிற்க முடியவில்லை, நடக்க முடியவில்லை. விரல்கள் கோணி முறுக்கிக்கொண்டன; எழுதுகோலைப் பிடிப்பதும் அரிதாயிற்று. மகப்பேற்று மருத்துவராகும் கனவு அத்துடன் கலைந்தது. முப்பது வயதில், கற்ற கல்வியெல்லாம் வீணாயிற்றே என எண்ணி மூலையில் அமர்ந்திருப்பின், அவரை எவரும் குறை கூறியிரார்.

அவர் அமரவில்லை. கண் மருத்துவத்தைத் தெரிந்துகொண்டு, மீண்டும் மாணவராகி, 1951இல் அத்துறையிற் பட்டயம் பெற்றார். கண் அறுவையோ மயிரிழை பிசகினும் பார்வை போய்விடும் பணி. நேரிய விரலுடையாரும் அஞ்சும் அதனைக் கோணிய விரலால் எங்ஙனம் செய்வது? தம் கைக்கு ஏற்ற கருவிகளைத் தாமே வகுத்து அமைத்துக்கொண்டார். கத்தியைப் பிடிக்கும் முறையை இடைவிடாது பழகினார். தொடக்கத்தில் தயங்கிய கை பின்பு தேர்ந்தது. ஒரே நாளில் நூறு அறுவைகள் வரை செய்யும் வன்மை பெற்றார். தம் வாழ்நாளில் அவர் செய்த கண் அறுவைகள் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டவை.

1956 முதல் மதுரை மருத்துவக் கல்லூரியிற் கண்மருத்துவத் துறைத் தலைவராக விளங்கினார். நோயாளி வரும்வரை காத்திராமல் தாமே ஊர்களுக்குச் சென்று கண் சிகிச்சை முகாம்கள் நடத்தலானார். 1973இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது.

1976இல், ஐம்பத்தெட்டாம் வயதில், அரசுப் பணியினின்றும் ஓய்வு பெற்றார். பிறர் சாய்வு நாற்காலியை நாடும் அப்பருவத்தில் இவர் வீட்டை அடகு வைத்தார்! அப்பொருள் கொண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் ஒரு கண் மருத்துவமனை தொடங்கினார். தாம் போற்றிய அரவிந்தர் பெயரையே அதற்குச் சூட்டினார். தங்கை நாச்சியாரும் அவர்தம் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்களாய் உடன் உழைத்தனர். இவரோ திருமணம் செய்துகொள்ளாமல் உடன்பிறந்தாரையே குடும்பமாகக் கொண்டவர்.

செல்வரிடம் கட்டணம் பெற்று, அவ்வருவாயால் ஏழைக்கு இலவச மருத்துவம் செய்வது அவர் கண்ட வழி. அமெரிக்க நாட்டில் ஒரு சிற்றுண்டி நிறுவனம் எல்லா ஊர்களிலும் ஒரே தரத்தில், குறைந்த விலையில் உணவு விற்பதைக் கண்டு, கண் மருத்துவத்தையும் அவ்வாறு வழங்கலாகாதா என எண்ணினார். நல்லறிவு எங்கிருந்து வரினும் கொள்வதே பெரியோர் இயல்பு. அறுவைக்கூடத்தில் ஒரு மருத்துவர் ஒரு நோயாளிக்கு அறுவை செய்யும்போதே, அடுத்த மேசையில் மற்றொருவர் ஆயத்தமாயிருப்பார். சிற்றூர்ப் பெண்களைத் தேர்ந்து பயிற்சி தந்து, மருத்துவருக்கு வேண்டிய துணைப்பணிகள் பலவற்றை அவர்களிடம் ஒப்படைத்தார்கள்.

இலவசம் என்று அறிவித்தும், முகாமில் அறுவைக்குத் தேர்ந்தோர் பலர் மருத்துவமனைக்கு வரவில்லை. காரணம் ஆராய்ந்தபோது உண்மை புலப்பட்டது. பேருந்துக் கட்டணம் இல்லை, உணவுக்கு வழியில்லை. அதன்பின் வண்டியும் உணவும் மருத்துவமனையே தந்தது. மக்கள் திரளாக வந்தனர். மருந்து இலவசமானால் போதும் என எண்ணுவோர் இதனை ஊன்றி நோக்குதல் நன்று.

முற்காலத்தில் புரை நீக்கியோர் சோடாப் புட்டியின் அடி போன்ற தடித்த கண்ணாடி அணிய வேண்டியிருந்தது. பின்னர்க் கண்ணினுள்ளேயே செயற்கை வில்லை பொருத்தும் முறை வந்தது. ஆனால் அயல்நாட்டு வில்லையின் விலை ஏழையால் தாங்கத் தக்கதன்று. எனவே 1992இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் மதுரையில் எழுந்து, மிகக் குறைந்த விலையில் வில்லைகளைச் செய்தளித்தது. அச்செயற்கை வில்லை பொதுவாக இயற்கை வில்லைபோல் குவிவதில்லை. ஆதலின் புரை நீங்கியவருள்ளும் பெரும்பாலோர்க்குப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும். முகாம் நடக்கும் இடத்திலேயே சோதித்து, அங்கேயே கண்ணாடி பொருத்தித் தரும் வழக்கமும் ஏற்பட்டது. புரை அறுவையின் பெருமைக்கு முன் இது சிறு பணியாகத் தோன்றலாம். என் கருத்து அதுவன்று. பர்கூர்த் துணிக்கடைத் தெருவில் தையற்பொறியின்முன் குனிந்திருப்பவருக்கும், ஓசூரில் கைக்கடிகாரத்தின் நுண்ணுறுப்புகளைக் கோப்பவருக்கும் அக்கண்ணாடியே பிழைப்பு. அசாம் தேயிலைத் தோட்டத்தில், நாற்பது கடந்த தொழிலாளர்க்குக் கண்ணாடி வழங்கி நடத்திய ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. அவர்கள் பறித்த இலையின் அளவு, கண்ணாடி பெறாதோரைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்ததாக அவ்வாய்வு காட்டிற்று.

வேங்கடசாமியார் வாழ்ந்த காலத்திலேயே தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி ஆகிய ஊர்களிலும் அரவிந்த் மருத்துவமனைகள் தோன்றின. 11 படுக்கைகளுடன் தொடங்கிய அந்நிறுவனத்தில், ஆண்டுக்கு இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்ட கண் அறுவைகள் நிகழலாயின. அவற்றுட் பெரும்பகுதி இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ செய்யப்பட்டவை. 2006ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7ஆம் நாள், 87ஆம் வயதில், அவர் மதுரையில் உயிர்நீத்தார்.