தில்லையில் கல்விக் கதவம் திறந்த சுவாமி சகஜானந்தர்

ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் 1890-ஆம் ஆண்டு ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தவர் முனுசாமி. வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளை அடைந்து துறவு பூண்டு, சகஜானந்தர் என்னும் திருப்பெயர் பெற்றார். 1910-இல் சிதம்பரம் வந்த அடிகளார், தில்லைக் கோயிலுள் புக இயலாது ஏங்கி நின்ற நந்தனாரின் பெயரால் 1916-இல் கல்விக் கழகம் நிறுவினார். சேரிப் பிள்ளைகள் கற்கப் பள்ளியும், தங்கி உண்ண விடுதியும் அதன்வழி எழுந்தன.

சென்னைச் சட்ட மேலவையிலும், பின்னர்ச் சட்டமன்றத்திலும் நெடுங்காலம் உறுப்பினராயிருந்து, ஒடுக்கப்பட்டோரின் கல்விக்கும் நிலத்திற்கும் வாதாடினார். 1957-இல் நம் நெய்வேலியில் சுரங்கப்பணி தொடங்கியபோது சிதம்பரத்தின் சட்டமன்ற உறுப்பினர்களுள் அவரும் ஒருவர். 1-5-1959 அன்று மறைந்தார். அவர் கண்ட பள்ளி நிலைத்தது.

இளைஞர்களே! நிலக்கரி ஒருநாள் தீரும். கற்ற கல்வி தீராது. படிப்பை இடையில் விட்ட பிள்ளை ஒருவரையேனும் நாம் ஒவ்வொருவரும் மீண்டும் பள்ளியில் சேர்ப்பதே அடிகளார்க்கு இவ்வெள்ளி விழாவில் நாம் செலுத்தும் நன்றியாகும்.