ரொனால்டு ராஸும் நுண்ணோக்கியும்

காய்ச்சல் என்று படுத்தால், விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துச் செல்வார் சுகாதாரப் பணியாளர். நம் தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களிலும் நாம் கண்டிருக்கும் காட்சிதான் இது. அந்தக் கண்ணாடித் துண்டுக்குப் பின்னால் ஒருவரின் வியர்வை இருக்கிறது. அவரே சர் ரொனால்டு ராஸ்.

1857 மே 13இல் அல்மோராவில் பிறந்த ராஸுக்குக் கவிதையில்தான் நாட்டம். தந்தையின் விருப்பத்துக்காக மருத்துவம் பயின்று, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

மலேரியாக் கிருமியை 1880இலேயே பிரெஞ்சு மருத்துவர் லாவரான் கண்டிருந்தார். ராஸும் நோயாளிகளின் இரத்தத்தைப் பார்த்தார், ஒன்றும் தென்படவில்லை. அப்படி ஒரு கிருமி உண்டா என்றே ஐயுற்றார். 1894இல் இலண்டனில் மருத்துவர் மான்சன் நுண்ணோக்கியின் முன் அமர்த்திக் காட்டிய பிறகே நம்பினார். ஆய்வகத்தில் முதல் நாள் காற்றுக் குமிழியைக் கண்டு அமீபா என்று மகிழ்ந்த நாம் அவரைப் பார்த்துச் சிரிக்க இயலாது!

உருவைப் பெருக்குவது மட்டும் நுண்ணோக்கியின் வேலையன்று. பொருளருகு வில்லை 100 மடங்கும், கண்ணருகு வில்லை 10 மடங்கும் பெருக்கினால் 1000 மடங்கு கிடைக்கும். ஆனால் நெருங்கிய இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாவிடில், பெரியதொரு மங்கலைத்தான் காண்போம். இப்பிரிதிறனுக்கு ஒளியின் அலைநீளமே எல்லை வகுக்கிறது என்று 1873இல் எர்ன்ஸ்ட் அபே விளக்கினார். அவ்வெல்லை ஏறத்தாழ 0.2 மைக்ரான். அதை நெருங்கவே வில்லைக்கும் கண்ணாடித் துண்டுக்கும் இடையே ஒரு சொட்டு எண்ணெய் வைக்கிறோம். காற்றில் விலகிப் போகும் கதிர்களை அது வில்லைக்குள் சேர்க்கிறது. சிவப்பணுவின் குறுக்களவே 7 மைக்ரான்தான். கிருமியோ அதற்குள் குடியிருப்பது.

1895 முதல் செகந்திராபாத்தில் கொசுக்களை அறுத்துப் பார்த்தார் ராஸ். பார்த்தவை பெரும்பாலும் வேறு இனக் கொசுக்கள்! 1897இல் விடுப்பில் உதகைக்கு வந்து, சிகூர் மலைச்சரிவில் ஆராய இறங்கியவரை மலேரியாவே பற்றிக்கொண்டது. தேறியதும் மீண்டும் செகந்திராபாத். வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறின. எஞ்சியிருந்த ஒரே கண்ணருகு வில்லையிலும் விரிசல். பங்கா இழுக்கச் சொன்னால் அறுத்த கொசு பறந்துவிடும். என்னே அப்பொறுமை!

உசேன் கான் என்ற நோயாளி, கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓர் அணா என்று உடன்பட்டார். பத்துக் கொசுக்கள் கடித்தன. அவை புள்ளி இறக்கை கொண்ட அனாபிலிஸ் இனம். ஆகஸ்டு 20 அன்று அவற்றுள் ஒன்றின் இரைப்பைச் சுவரில் 12 மைக்ரான் அளவில் உருண்டையான செல்களைக் கண்டார். ஒளி ஊடுருவும் திசுவில் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிவது அரிது. காட்டிக்கொடுத்தவை அச்செல்களுக்குள் இருந்த கருநிற மணிகளே. நோயாளியின் இரத்தத்துக் கிருமியிலும் அதே மணிகள்தாம் உண்டு.

மறு ஆண்டு கல்கத்தாவில், பறவை மலேரியாக் கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்குச் சென்று சேர்வதையும் கண்டார். 1902இல் நோபல் பரிசு பெற்றார். 1932இல் மறைந்தார். உசேன் கானுக்குக் கிடைத்தது பத்து அணா.