தோர்ணக்கல் பேராயர் அசரியா

நெல்லைச் சீமையின் தேரிக்காட்டுப் பகுதியில் அமைந்த சிற்றூர் வெள்ளாளன்விளை. அவ்வூரில் ஊழியம் புரிந்த தாமஸ் வேதநாயகம் என்னும் குருவானவரின் மகனாக 1874 ஆகஸ்டு 17ஆம் நாள் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. இளமையிலேயே தந்தையை இழந்த அவரைத் தாயார் எல்லன் கண்டிப்பும் பரிவும் கலந்து வளர்த்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற அசரியா, பட்டம் பெறாமலேயே 1895இல் ஒய்.எம்.சி.ஏ. பணியில் சேர்ந்தார்.

அப்பணி அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்றது. 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழர் தம் சொந்தப் பொருளைக் கொண்டே அருட்பணி நடத்துவதைக் கண்டார். அயலார் பொருளை நம்பி வாழும் திருச்சபை எந்நாளும் குழந்தையாகவே இருக்கும் என்பது அவர் உள்ளத்தில் வேரூன்றியது. மறு ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தோன்றியது. நிஜாம் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லை அச்சங்கம் தன் பணிக்களமாகக் கொண்டது. பிறரை அனுப்பித் தாம் இருந்துவிட அசரியாவின் மனம் ஒப்பவில்லை. 1909இல் குருப்பட்டம் ஏற்றுத் தாமே அங்குச் சென்றார், தெலுங்கும் கற்றார்.

1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனரி மாநாட்டில், வெள்ளையர் இந்தியருக்காகத் தம் உடைமையையும் உயிரையும் ஈந்ததை நன்றியுடன் போற்றிய அவர், அவர்கள் இன்னும் நட்பை மட்டும் தரவில்லை என்று துணிந்து குறை கூறினார். அவையில் சிலர் முகம் சுளித்தனர். ஆயினும் 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அவர் திருநிலைப்படுத்தப்பெற்றார். அவருடைய தலைமையை ஏற்க ஐரோப்பிய மிஷனரிகள் சிலர் தயங்கினர். அவரோ வாதிட்டு வெல்ல முயலாமல் உழைப்பால் அவர்தம் ஐயத்தைப் போக்கினார்.

நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்திரளாகத் திருச்சபையில் சேர்ந்தனர். துணைவியார் அன்பு அம்மையார் பெண்களிடையே பணியாற்றினார். மதமாற்றம் குறித்துக் காந்தியடிகளுடன் கருத்து வேறுபாடு எழுந்தபோதும், கிறித்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டுவதில்லை என்பதில் அசரியா உறுதியாக நின்றார். சமயம் வேறாயினும் நாடு ஒன்றே என்பது அவர் கொள்கை.

பொருள் முடையால் பல்லாண்டுகள் நீண்ட பேராலயப் பணி 1939இல் நிறைவெய்தியது. கோயில் மண்டபங்களை நினைவூட்டும் தூண்களும், இசுலாமியக் கட்டடக் கலையின் குவிமாடங்களும் அப்பேராலயத்தில் ஒன்றியுள்ளன. அயல்நாட்டுச் சாயலை அதில் தேடுவோர் ஏமாந்து போவர்.

1919இல் தரங்கம்பாடியில் தாம் முன்னின்று தொடங்கிய திருச்சபை ஒருமைப்பாட்டு முயற்சியின் கனியைக் காண அவர் இருக்கவில்லை. 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லில் மறைந்தார். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. தேரி மண்ணில் பிறந்து தெலுங்கு மண்ணில் உறங்கும் அத்தமிழர் வேண்டிய நட்பு, சமயங்களுக்கும் சாதிகளுக்கும் இடையே இன்றும் வேண்டப்படுவதே.