நீரைக் கொண்டு பளுவைத் தூக்கிய ஜோசப் பிராமா

சென்ற கோடை விடுமுறையில் என் சித்தப்பா, தம் சிறிய லாரியை டிப்பராக மாற்ற முனைந்தார். பம்ப்பை எஞ்சினிலிருந்து ஓட்டுவதா, பாட்டரி மோட்டாரால் ஓட்டுவதா என்பது அவர் ஐயம். இயற்பியல் மாணவன் என்பதால் கணக்கு என் தலையில் விழுந்தது. அதைத் தேடப் போன இடத்தில்தான் ஜோசப் பிராமா என்னும் பெருமகனாரை அறிந்தேன்.

அவர் 1748இல் இங்கிலாந்தின் யார்க்ஷயரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பதினாறாம் வயதில் காலில் அடிபட்டு, உழவுக்கு உதவாதவராகித் தச்சுத் தொழில் பழகினார். லண்டன் சென்று வீடுகளில் நீர்க் கழிப்பிடங்கள் பொருத்தினார். அவற்றின் குறைகளைத் திருத்தி 1778இல் காப்புரிமையும் பெற்றார். 1784இல் அவர் காப்புரிமை பெற்ற பூட்டோ இன்னும் புகழ் வாய்ந்தது. கடைச் சன்னலில் 200 கினி பரிசு அறிவிப்புடன் தொங்கிய அப்பூட்டை 1851இல்தான் ஓர் அமெரிக்கர் திறந்தார், அதுவும் பல நாள் போராடி!

நமக்கு வேண்டியது அவர் 1795இல் காப்புரிமை பெற்ற நீரழுத்த இயந்திரம். அடைபட்ட நீர்மத்தில் தரும் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்று பாஸ்கல் முன்பே காட்டியிருந்தார். பெரிய உருளையின் பரப்பு சிறியதைப்போல் நூறு மடங்கானால் விசையும் நூறு மடங்காகும். நகரும் தூரமோ நூறில் ஒரு பங்குதான். ஏட்டில் இது எளிது. பட்டறையில் அழுத்தம் ஏற ஏற, தண்டின் பக்கவாட்டில் நீர் பீறிட்டது. இறுகக் கட்டினால் தண்டு நகர மறுத்தது. உள்ளே வரும் நீரே விரித்துத் தண்டோடு அழுத்தும் தோல் வளையத்தால் இச்சிக்கல் தீர்ந்தது. அது அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்னும் இளைஞரின் யோசனை என்பர். வாரம் 30 ஷில்லிங் பெற்ற அவர் ஊதிய உயர்வு கேட்டபோது பிராமா மறுத்தார்; 1797இல் மாட்ஸ்லே விலகித் தனிப்பட்டறை கண்டார். பிராமா மீது எனக்குள்ள ஒரே வருத்தம் இதுதான்.

இனி சித்தப்பாவின் கணக்கு. 8 செ.மீ. விட்டமுள்ள சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர செ.மீ.; சதுர செ.மீ.க்கு 150 கிலோ அழுத்தத்தில் தள்ளுவிசை 7,500 கிலோ. தொடக்கத்தில் சிலிண்டர் சாய்ந்து நிற்பதால் சுமையைவிடப் பல மடங்கு விசை தேவை. இரண்டு டன்னுக்கு இது போதும். 60 செ.மீ. நீள மூன்று லிட்டர் எண்ணெய் வேண்டும். நிமிடத்திற்கு 6 லிட்டர் தரும் பாட்டரி பம்ப் அரை நிமிடத்தில் தூக்கிவிடும். இறங்குவதற்குத் தன் எடையே போதும். நாளைக்கு இருபது, முப்பது நடை என்றால் மோட்டார் சூடாகும், பாட்டரி தளரும். அங்கே எஞ்சின் பம்ப்தான் சரி. சித்தப்பாவுக்கு நான்கைந்து நடைதான். ஆகவே பாட்டரியே என்றேன்.

ஆனால் நாங்கள் இருவரும் சீலை மறந்தோம். மலிவாகக் கிடைத்த பழைய சிலிண்டரைப் பொருத்தினார். முதல் சோதனையிலேயே எண்ணெய் கசிந்து, தூக்கிய தொட்டி தானே இறங்கியது; முட்டுக்கட்டை கொடுத்திருந்ததால் அடியில் குனிந்திருந்த சித்தப்பா தப்பினார். புது சிலிண்டர் வாங்கிய பிறகே வண்டி தெருவிறங்கியது.

பிராமா 1814 டிசம்பரில் காலமானார். ஹாம்ப்ஷயர் காட்டில் தம் இயந்திரம் மரங்களை வேரோடு பிடுங்கும் பணியை மேற்பார்வையிட்டபோது பிடித்த சளிக்காய்ச்சலே காரணம்.